பழசில் எழுப்பி புதுசில் ஓட்டியது

கலும்பாங்கிலிருந்து ரவாங் போகும் சாயங்கால பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு அண்ணனும் தங்கையும். அண்ணனுக்கு ரேடியோ ரிப்பேர் கடை, தங்கைக்கு எஸ்டேட் ஆபீசில் வேலை. முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்த என் கை, அந்தப் பெண் சொன்னதைக் கேட்டு நின்றுவிட்டது.

"எழும்பறப்ப மட்டுந்தாண்ணே அது சோதிக்குது. அப்புறம் கண்டுக்காது."

"ஆபீஸ் கம்ப்யூட்டரா? அதான் செத்துப்போச்சே. வேகமா ஓடணும்னு உள்ள இருந்த கிரிஸ்டல, அதான் வேகத்த முடிவு பண்ற சின்ன சாமான, மாத்துன. வேகம் கூடுனா எழும்பாதபடி கம்பெனிக்காரன் பூட்டி வெச்சிருக்கான், தொடாதன்னு சொன்னேன்லா."

"நாளைக்குள்ள ஓடலன்னா வேலைக்கே வராதன்னு மேனேஜர் நேத்து சொல்லிட்டாருண்ணே."



"அப்புறம்?"

"பழைய கிரிஸ்டல், புதுசு, ரெண்டையும் வெச்சு நடுவுல ஒரு சுவிச்சு போட்டேன். பழசுல மெதுவா எழுப்புனேன், சோதிச்சுட்டு ஒழுங்கா எழும்பிச்சு. உடனே சுவிச்ச தட்டி புதுசுக்கு மாத்திட்டேன். அஞ்சு மணிக்கு முடியற வேலை இன்னிக்கு மூணு மணிக்கே முடிஞ்சிருச்சு."

எழுத்தே தெரியாத எனக்குக்கூட அது விளங்கிவிட்டது.

"மேனேஜரு?"

"எந்த இன்ஜினியர் வந்தாருன்னு கேட்டாரு. நாந்தாங்க தொரைன்னேன். அவரு ரூம்புல இருக்கற கம்ப்யூட்டரையும் என்னையே பாக்கச் சொல்லிட்டாரு."

அண்ணன் தங்கையின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அந்த சுவிச்சு எங்க கெடச்சிச்சு?"

"ஒங்கடையிலதான். நேத்து நீதான எடுத்துக் குடுத்த. எதுக்குன்னு ஒரு வார்த்த கேட்டியா?"