‘இல்லை’ என்று சொல்லக் கற்ற சுபைறா அவர்களுக்கு

எல்லாப் புகழும் ஏக இறைவனுக்கே உரியன.

கல்முனைக் கரையோர நெற்செய்கையாளர் ஒன்றியத்தின் விண்ணப்பப் பிரிவில் பதினைந்து ஆண்டுகள் நேர்மையோடும் நிமிர்வோடும் பணியாற்றி, அறுபதாம் வயதில் இன்று ஓய்வுபெறும் பெருமாட்டியே! எங்கள் குடியின் பெயரைக் காத்த குணவதியே! உங்கள்மீது சாந்தியும் சமாதானமும் உண்டாவதாக!

இந்தச் சபையில் வாசிக்கவென்று பணியாளர்கள் ஒரு மடல் எழுதித் தந்தார்கள். அதில் உங்களை ‘இல்லையென்ற சொல்லையே அறியாத இன்முகமே’ என்று விளித்திருந்தார்கள். ஒன்றியத்தின் தலைவன் என்ற முறையில் அந்த வரியை வெட்டினேன்; உங்கள் மூத்த சகோதரன், காக்கா என்ற முறையில் மடல் முழுவதையும் கிழித்தேன். பதினைந்து ஆண்டுகள் ஒருவருடன் ஒரே கூரையின்கீழ் இருந்துவிட்டு, அவரைப் பற்றி இப்படி ஒரு பொய்யை எழுதி, அதற்குக் கண்ணாடிச் சட்டமும் போட்டு அவர் வீட்டுச் சுவரில் மாட்டுவதா? நான் உயிரோடு இருக்கும்வரை அது நடவாது. ஆகவே இதை நானே எழுதினேன்.

அலுவலகம் என்பதையே அறியாமல் நாற்பத்தைந்து வயதில் இங்கே வந்தவர் நீங்கள். உங்கள் கணவர் மர்ஹூம் இஸ்மாலெவ்வை அவர்கள் எங்கள் வயல் வட்டையின் வட்டவிதானை. எந்த வயலுக்கு எந்த நாளில் தண்ணீர் என்று முறை வகுத்தவர். அவர் படுக்கையில் கிடந்த இரண்டு போகமும் அந்த முறைப் பட்டியலை வீட்டுக்குள் இருந்தபடி எழுதி நடத்தியவர் நீங்கள் என்பது வட்டை முழுவதும் அறிந்த செய்தி. அவர் மௌத்தான பின் நீங்கள் வேலைக்குப் போகக் கேட்டபோது, நம் குடிப் பெண்கள் மேசையில் உட்கார்ந்து கூலி வாங்கியதில்லை என்று தடுத்தவன் நான். நீங்கள் என்னை மீறித்தான் வந்தீர்கள்.

வந்த உங்களை இந்த அலுவலகம் எப்படி வரவேற்றது? “மச்சி, கை சும்மாதானே இரிக்கி, இந்தக் கூட்ட அறிக்கைய ஒருக்கா எழுதித் தாங்க” என்றார் வெளிக்கள உத்தியோகத்தர் சீனிமுகம்மது. “மாமி, நான் சாப்பிட்டு வாறத்துக்குள்ள இதையும் அடிச்சி வைங்க” என்றார் கணினியில் இருந்த நிப்றாஸ். மச்சி, மாமி, ராத்தா என்று உறவு சொல்லிக் கேட்டால் நம்மூரில் எந்தப் பெண் மறுப்பாள்? நீங்கள் எல்லோருக்கும் ‘ஓம்’ சொன்னீர்கள். யார் உரக்கக் கூப்பிட்டாரோ அவர் வேலை முதலில் முடிந்தது. உங்களுக்கென்று ஒப்படைத்த விதைநெல் விண்ணப்பங்களோ அடியில் கிடந்தன. பெரும்போகத்துக்கு முடிவுத் திகதி வந்தபோது முப்பத்தெட்டு விண்ணப்பங்கள் அம்பாறைக் காரியாலயத்துக்குப் போகாமல் இருந்தன.

ஆலையடிவேம்பிலிருந்து மூன்று தடவை வந்துபோன விவசாயி வேலப்போடி, மேசைக்கு முன் நின்று கேட்ட கேள்வி இன்றும் காதில் இருக்கிறது: “தங்கச்சி, ஊருக்கெல்லாம் வேலை செய்யிறீங்க. என்ர பேப்பர் மட்டும் என்ன பாவம் செஞ்சது?”

அடுத்த நாள் நிர்வாகக் கூட்டம். உங்கள்மீது வேலையைச் சுமத்திய அதே வாய்கள், உங்களுக்கு வேலை தெரியாது என்றன! நான் எழுந்து உங்களைக் காத்தேனா? இல்லை. குடியின் பெயர் கெடுமுன் நீங்களாகவே விலகட்டும் என்று விலகல் கடிதத்தை எழுதிச் சட்டைப்பையில் கொண்டுபோயிருந்தேன். நீட்டினேன். நீங்கள் வாங்கவில்லை. ஒரு பயிற்சிக் கொப்பியைத் திறந்து, குரல் உயராமல் வாசித்தீர்கள். எந்த நாளில், யார் சொல்லி, எந்த வேலை, எல்லாம் இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு வாரம் முழுவதற்கும் ஒரே வரி: “தலைவர் காக்காட மகன்ட கலியாணத்துக்கு அழைப்புப் பட்டியல், நானூற்றிப் பன்னிரண்டு பேர்.”

கடிதத்தை நான் திரும்பச் சட்டைப்பையில் வைத்தேன்.

மறுநாள் நீங்களே பஸ் ஏறி அம்பாறைக்குப் போய், மாலைவரை காத்து நின்று, முப்பத்தொரு விண்ணப்பங்களை ஏற்க வைத்தீர்கள். மிகுதி ஏழு பேரும் அந்தப் போகம் பிந்தியே விதைத்தார்கள். அவர்களுடைய பெயர்களை நீங்கள் இன்றும் சொல்வீர்கள். நாங்கள் மறந்துவிட்டோம்.

அதன் பின்பே சுவரில் உங்கள் முறைப் பலகை வந்தது. ஒரு நேரத்தில் ஒரு வேலைக்குத்தான் வாய்க்கால் திறக்கும். தூரத்திலிருந்து வந்தவருக்கு முதல் முறை. உங்களிடம் வேலை தருபவர் தன் பெயரைத் தன் கையாலேயே பலகையில் எழுதி, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். எவ்வளவு ஏளனம் செய்தார்கள்! “மச்சி, இது ஒபிஸ். ஒங்கட வட்டை இல்ல” என்றார் சீனிமுகம்மது. “வட்டையில முறை மாறித் தண்ணி எடுத்தா தண்டம் இரிக்கி மச்சான். இஞ்ச அதுவும் இல்லியே!” என்றீர்கள். என் கோப்பை நான் நேரே நீட்டியபோது, “தலைவருக்குத் தனி வாய்க்கால் இல்ல காக்கா, பேர எழுதுங்க” என்றீர்கள். ஒரு மாதம் நான் உங்களோடு கதைக்கவில்லை. ஆனால் பெயரை எழுதினேன். அந்த ஆண்டு முதல் இன்றுவரை ஒரு விண்ணப்பமாவது பிந்தியதுண்டா? ஒன்றுமில்லை!

இப்படிப்பட்டவரையா மறுக்கத் தெரியாதவர் என்று எழுதினீர்கள், பணியாளர்களே? மறுக்கத் தெரிந்ததால் அல்லவா விவசாயிகள் காலத்தோடு விதைத்தார்கள்!

இன்னொன்றையும் சொல்லாமல் இந்த மடல் முடியாது. வரும் திங்கட்கிழமை சாய்ந்தமருதிலிருந்து ஜெனூபா என்ற பிள்ளை உங்கள் இடத்துக்கு வருகிறாள். அவளுக்கும் இதுவே முதல் அலுவலகம். இன்று காலை உங்கள் அறைக்குள் போனேன். உங்கள் மூக்குக்கண்ணாடிகூட இன்னும் அந்த மேசையில்தான் இருக்கிறது. அதைச் சுற்றிப் பதினொரு கோப்புகள்! எதுவும் உங்களுடையதல்ல. பலகையில் எவர் பெயரும் இல்லை. வராத பிள்ளைக்கு வேலை வந்துவிட்டது! என்ன வெட்கம் இது? நீங்கள் பதினைந்து ஆண்டு கட்டிய வரம்பை, நீங்கள் வாசலைத் தாண்டுமுன்னே வெட்டிவிட்டார்கள்.

அவற்றில் ஒன்று என்னுடையது. அதை எடுத்துவிட்டுத்தான் கீழே ஒப்பமிட்டேன். தன் கோப்பைத் தூக்காத எவரும் இதில் ஒப்பமிடக் கூடாது என்று காலையிலேயே சொன்னேன். ஐந்து பேர் எடுத்தார்கள். சீனிமுகம்மதுதான் முதல் ஆள்; தன் நான்கு கோப்புகளையும் அணைத்துக்கொண்டு தலை குனிந்து போனார். இரண்டு பேர் இன்னும் எடுக்கவில்லை.

தங்கையே! இறைவன் உங்களுக்கு நோயற்ற நீண்ட வாழ்வையும், பேரப்பிள்ளைகள் சூழ்ந்த நிம்மதியையும் தருவானாக! உங்கள் வீட்டிலும் எவரும் முறை மாறி உங்களிடம் வேலை வாங்காதிருக்கட்டும்! வேலைக்குப் போகவேண்டாம் என்று நான் சொன்னது பிழை. இதை ஊரறியச் சொல்வது எனக்கு இலகுவல்ல, சொல்லிவிட்டேன்.

மற்ற இருவருக்கும்: அறை திறந்திருக்கிறது, பேனா இங்கே இருக்கிறது. மடலுக்குச் சட்டம் போடுபவர் அஸர் தொழுகைக்குப் பிறகு வருவார். அதற்குள் வராவிட்டால் உங்கள் இடம் வெறுமையாகவே கண்ணாடிக்குள் போகும்.

இவ்வண்ணம்,
மீ. ஆதம்பாவா, தலைவர்

பணியாளர்கள்:
சீனிமுகம்மது
சிபானா
பவிதரன்
நிப்றாஸ்
மேனுஜா
…………………………
…………………………