சுவிட்சில் தொங்கிய தூக்குவாளி

டீ வேண்டாம் சார். மத்தியானத்துக்கு மேல் குடித்தால் எனக்கு நெஞ்சு கரிக்கும். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிடுகிறேன். வெளியே உட்கார வைத்திருக்கிற செல்லப்பாண்டியை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். சுவிட்சைப் போட்டது அவன் கை, அவ்வளவுதான்.

எங்கள் நூல் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தது தொண்ணூற்று மூன்றில். முதலாளி காசிராஜன் மதுரையிலிருந்து பெட்டியோடு என்னையும் சேர்த்து வரவழைத்தார். பெட்டியை வாங்கி வைத்துவிட்டு வேலையைப் பழையபடியே செய்தால் என்ன பிரயோஜனம்? அதனால் ஒவ்வொரு வேலையையும் பக்கத்தில் நின்று பார்த்தேன். நேரம் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடித்து, அதைச் சீர்செய்த பிறகுதான் புரோகிராம் எழுதுவேன்.

அப்படிப் பார்த்ததில்தான் அந்தத் தூக்குவாளி கண்ணில் பட்டது. பஞ்சைச் சுத்தம் செய்யும் மெஷினுக்குப் பின்னால் தூசி அறை இருக்கிறது. மெஷினின் தூசியை அதற்குள் ஊதித் தள்ளும் காற்றாடியை நிறுத்தியதும் எம்.ரெட்டியபட்டி சூசையம்மாள் உள்ளே போய், படிந்த தூசியை அள்ளுவாள். போகுமுன் தன் சோற்று வாளியைக் காற்றாடிச் சுவிட்சின் கைப்பிடியில் மாட்டிவிடுவாள். அவளே வந்து எடுக்கும்வரை எவனும் சுவிட்சைத் தொட மாட்டான். அவளோ வெளியே வந்து, முகம் கழுவி, வெற்றிலை போட்டு, ஆற அமரத்தான் எடுப்பாள். அதுவரை மில்லே அவளுக்காகக் காத்துக் கிடக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இனிமேல் வாளியைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வைக்கச் சொன்னேன். காற்றாடி எப்போது நிற்கும், எப்போது ஓடும் என்று கம்ப்யூட்டரே அச்சடித்துக் கொடுத்துவிடும் என்றேன்.

"வாளி தொங்குதுங்கிற தெம்புலதான் தம்பி உள்ள நிக்கேன். அதையும் எடுத்துட்டா எனக்கு யாரு காவலு?" என்றாள்.

நான் கோபப்படவில்லை. கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் அக்கா என்று தன்மையாகத்தான் சொன்னேன். அவளும் நம்பினாள். படித்தவன் சொன்னால் நம்பிவிடுகிற ஜாதி அது.

முதல் நாள் முதலாளியே பார்க்க வந்து நின்றார். ஒரு ஷிப்டாவது தடங்கலில்லாமல் ஓட வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மதுரை பஸ் ஏறிவிடு என்று முந்தின நாளே சொல்லியிருந்தார். நேரம் வந்தது. செல்லப்பாண்டி கைப்பிடியைப் பிடித்தபடி தயங்கினான்.

"சார், அக்கா இன்னும் வெளிய வரலையே."

தாளைப் பார்த்தேன். சுத்தம் முடிந்திருக்க வேண்டும். அந்த வாரம் அழுக்குப் பஞ்சு லோடு வந்திருந்தது, தூசி அதிகம். அதற்குக் கூடுதல் நேரம் கொடுக்க நான் மறந்திருந்தேன். அதை முதலாளி முன்னால் ஒப்புக்கொள்ளச் சொல்கிறீர்களா? அவள் அப்போதே போய்விட்டாள், நீ போடு என்றேன்.

அந்தக் கதவு உள்பக்கமாகத் திறப்பது. காற்றாடி ஓடினால் காற்று கதவை அழுத்திப் பிடித்துக்கொள்ளும், உள்ளே இருப்பவரால் இழுத்துத் திறக்க முடியாது. இது எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தவன் அல்லவா?

கொஞ்ச நேரத்தில் தட்டும் சத்தம் கேட்டது. செல்லப்பாண்டி என் முகத்தையே பார்த்தான். அவனைப் பஞ்சு மூட்டை பிரிக்கப் போகச் சொல்லிவிட்டேன். அது என்ன சத்தம் என்று முதலாளி கேட்டார்.

"பெல்ட்டு புதுசு முதலாளி. ஓட ஓடச் சரியாயிரும்."

சொன்னபடியே சரியாகிவிட்டது. முதலாளி என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

கைப்பிடி எனக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கொலை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் சார். கம்ப்யூட்டர் கணக்கில் அவள் எப்போதோ வெளியே வந்துவிட்டாள்.