சிவப்பு மை குடித்த சம்பங்கியும் எங்கள் பெரிய கிராணியாரும்

இன்று ஓய்வுபெறும் பெருமதிப்பிற்குரிய தலைமை எழுத்தராம் பெரிய கிராணியார் திரு. சின்னையா அவர்களே! கணக்கில் கறாரும் கண்ணில் கருணையும் ஒருங்கே வாய்த்த கண்ணியவானே! துரைசாணியை வரவேற்க வாங்கிவந்த வெள்ளைச் சம்பங்கித் தண்டுகளைத் தண்ணீர்ச் சாடி என்று நம்பி மைச்சாடியில் செருகிவைத்த வேலாயுதமாகிய அடியேனை, வேலை போகாமல் காத்த வள்ளலே! முதல்நாள் மாலை அந்தச் சாடியில் மாதக் கணக்குக்காகச் சிவப்பு மைத்தூளைக் கரைத்துவைத்தவனும் அடியேனே என்பதைச் சபையோர் அறியவேண்டியதில்லை. வணக்கம்!

மறுநாள் காலை இதழோரமெல்லாம் செந்நரம்பு ஓடிய பூக்களை முகர வந்த துரைசாணி, ரத்தம் கண்டவர்போல் பின்வாங்கினார். துரையின் முகம் பூவைவிடச் சிவந்தது. கிடங்குக் காவலர் முத்து முகம்மது என் காதருகே, "டேய் வேலு, பூவுக்கும் மாசக் கணக்கு எழுதப் போறியா? ஒன் கதை முடிஞ்சுதுலா!" என்று ஆறுதல் கூறினார். தாங்களோ பதறாமல் பேனாக்கத்தியை எடுத்து, ஒரு தண்டை நீளவாக்கில் பிளந்து, உள்ளே நூல்நூலாய் மை ஏறிய வழியைத் துரைசாணிக்குக் காட்டி, பூ தண்ணீர் குடிக்கும் விதத்தை ஆங்கிலத்தில் அழகுற விளக்கினீர்கள். அவர் ஒரு பூவைத் தொப்பியில் செருகிக்கொண்டு சிரித்தபடி போனபின், என்னைத் திட்டத் துரைக்கு வழியேது?

சாடியை உடைப்பீர்கள் என்று நினைத்தோம். இன்னொரு சாடி வாங்கிவந்தீர்கள்! ஒரே தண்டின் அடியை இரண்டாய்ப் பிளந்து, ஒரு பாதியைச் சிவப்பிலும் மறுபாதியை நீலத்திலும் நிறுத்தி, ஒரே கொத்தில் இருநிறம் பூக்கவைத்த வித்தகரே! கல்யாண மாலைக்கு அந்தப் பூ வேண்டுமென்று பிரிக்பீல்ட்ஸிலிருந்தெல்லாம் ரயிலேறி வந்தார்கள். அந்தப் புகழில் பங்கு கேட்டு, தொட்டியில் நின்ற வெள்ளைக் காசித்தும்பைக்கு நானும் மைத்தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். மண் சிவந்தது, என் வேட்டி சிவந்தது, பூ மட்டும் வெள்ளையாகவே நின்றது.

"ஏன் ஐயா, இது மட்டும் என்னைய மதிக்க மாட்டேங்குது?"

"வேர் வடிகட்டித்தான்டா மேல அனுப்பும். வெட்டின தண்டுக்கு அந்தக் காவல் இல்ல. வேட்டிக்கும் இல்ல" என்றீர்கள்.

முப்பதாண்டுகள் இந்த ரப்பர்க் கிடங்கு அலுவலகத்தின் முதுகெலும்பாய் நின்ற முதல்வரே! ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாய் நம் மக்கள் தாயகத்துக்குத் திருப்பிக் கப்பலேற்றப்பட்ட அந்தக் கொடிய காலத்தில், எங்களில் நால்வர் பெயரும் வெளியேற்றக் குறிக்கப்பட்டிருந்தது. "எல்லாருக்கும் வேலை நேரத்தைக் குறைங்க, முதல்ல எனக்குக் குறைங்க" என்று துரையிடம் நின்றீர்கள். அந்த நால்வரும் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறோம். எங்கள் கண் கலங்கினால் அது மைத்தண்ணீர் அன்று!

ஒன்றில் மட்டும் எங்களைத் தவிக்கவிட்டீர்கள். ஓய்வுக்குப்பின் நாகப்பட்டினம் கப்பலேறுவீர்களா, இங்கேயே இருப்பீர்களா? கேட்டபோதெல்லாம் "பார்ப்போம்" என்றீர்கள். தங்கள் இல்லத்தரசியார் வீரம்மா அம்மையாரைக் கேட்டால், "எனக்கே தெரியாது தம்பி, அவரையே கேளு" என்றார். கடைத்தெருவில் தாங்கள் புதுப் பெட்டி வாங்கியதாய் முத்து முகம்மது சொன்ன அன்று, அலுவலகத்தில் ஒருவரும் சரியாய்ச் சாப்பிடவில்லை.

ஆகவே, நோயின்றி நெடுங்காலம், உற்றார் சூழ, உள்ளம் குளிர வாழ்க என்று எழுதிவிட்டோம். எங்கே இருந்து வாழ்க என்னும் இடத்தை மட்டும் வெறுமையாய் விட்டிருந்தோம். இன்று காலை அடியேன் தங்கள் மேசைமுன் போய் நின்றேன்.

"ஐயா, மடலைச் சட்டம் போடக் கடைக்காரன் காத்திருக்கான். பார்ப்போம்னு மட்டும் சொல்லாதீங்க. போறீங்களா, இருக்கீங்களா?"

தாங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். சன்னல் வழியே கிடங்கைப் பார்த்தீர்கள்.

"போகல வேலு. இங்க பக்கத்துல காப்பார்ல வீடு பாத்தாச்சு. புதுப் பெட்டியும் அதுக்குத்தான். நாகப்பட்டினத்துல எனக்கு யாருடா இருக்கா? நீங்கள்லாம் இங்கதான இருக்கீங்க."

இங்ஙனம்,
தங்கள் அன்பிற்குரிய
ரப்பர்க் கிடங்கு அலுவலகப் பணியாளர்கள்,
கிள்ளான், 1938.