இடக்கை குடுத்த பிள்ளை

“இடக்கையைத் தா. வலக்கையை நீட்டினால் இண்டைக்கும் உனக்குச் சின்னம் இல்லை.”

மன்னார்ப் பாலத்தடியில் ஆமிக்காரரின் சோதனைக்காக பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில் நின்றோம். உயிலங்குளத்தில் ஏறிய தாய்தான் சாரணிய உடுப்பில் நின்ற மகளிடம் இப்படிச் சொன்னாள்.

“போனமுறை சின்னம் குடுக்கிற விழாவில சாரணிய வாக்குறுதியைப் பிழையில்லாமல் சொன்னனான் அம்மா. ரீச்சர் கை நீட்ட, வலக்கைதான் போச்சுது. பழகிக்கொண்டு வா எண்டு அனுப்பிப்போட்டா.”

“பின்ன? இடக்கையால தண்ணி குடுத்தாலே அடிச்செல்லோ வளர்த்தனான்.”

“சாரணியர் இடக்கைதான் குடுக்கிறது. இதயம் அந்தப் பக்கமெல்லோ இருக்கு.”

“என்ன கோதாரிப் பழக்கமோ! சரி, தா.”

வரிசை நகர நகர, இருவரும் கை குலுக்கிக் குலுக்கிப் பழகிக்கொண்டே போனார்கள்.

பின்னேரம் ஊர் திரும்பும் வரிசையிலும் அவர்களைக் கண்டேன். மகளின் கழுத்துப்பட்டியில் மூவிலைச் சின்னம் மின்னியது.

“கிடைச்சிட்டுதோ?” என்று ஊர்க்காரி ஒருத்தி கேட்டாள்.

“ஓம்! என்ர பிள்ளை இடக்கை குடுத்தவள்!” தாய் சொன்னது சோதனைச் சாவடி வரைக்கும் கேட்டிருக்கும். சொன்னபடியே ஊர்க்காரியிடம் தன் இடக்கையை நீட்டினாள்.

ஊர்க்காரி சிரித்துக்கொண்டு வலக்கையைக் கொடுத்தாள்.

“அதை உள்ளுக்கு வையடி,” என்றாள் தாய். “மற்றக் கையைத் தா.”