மருந்துக்கு அடங்காத காய்ச்சல்

வீரபாண்டி டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு இளம் தாய். மடியில் அவளுடைய சின்ன மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"கிருமிக்கு மாத்திரை பழகிப்போச்சு அக்கா" என்றாள் பக்கத்திலிருந்த பெண்ணிடம். ஜார்க்கண்டிலிருந்து வந்து, பனியன் கம்பெனியில் தமிழ் பழகியவள் என்று பேச்சில் தெரிந்தது.

"அதெப்படி கண்ணு பழகும்?"

"எங்க ஊருக்குப் போய்ட்டு வந்ததும் பாப்பாவுக்கு மலேரியா. மாத்திரை முழுசா கொடுத்தேன். காய்ச்சல் விட்டுது, திரும்ப வந்துது. நான்தான் சரியா கொடுக்கலன்னு வீட்டுக்காரர் திட்டினார். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ரொம்ப அழுதேன்."

"டாக்டரு என்ன சொன்னாருங்க?"

"உன் மேல தப்பில்லம்மா, இந்தக் கிருமி அந்த மருந்துக்கு அடங்கலன்னார். ஆஸ்பத்திரியில சேர்த்து வேற மருந்து கொடுத்தாங்க. இப்ப ரத்தத்துல கிருமி இல்லையாம்."

பக்கத்திலிருந்த பெண் சிறுமியின் நெற்றியில் கை வைத்தார். "சில்லுன்னு இருக்குது கண்ணு."

"நல்லாப் பாருங்க அக்கா. என் கைய என்னாலயே நம்ப முடியல."

"சுடவே இல்லீங்க கண்ணு. நீயும் சித்த கண்ண மூடு, நான் பாத்துக்கறேன்."

பழைய பஸ் நிலையம் வரும்வரை தாயும் மகளும் தூங்கினார்கள். அந்தப் பெண் நெற்றியிலிருந்து கையை எடுக்கவே இல்லை.