மீட்டர் போர்டுக்குப் பின்னால்

காரின் மீட்டர் போர்டைக் கழற்றும்போது அவசரப்படக் கூடாது, லெஃப்டினன்ட். முதலில் பேட்டரி ஒயரைப் பிடுங்க வேண்டும். பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்து, கையை மேலே விட்டு விரலாலேயே தேட வேண்டும். வேகம் காட்டும் முள்ளின் கேபிளை மெதுவாகத் திருக வேண்டும். எண்ணெய் அழுத்தம் காட்டும் செம்புக் குழாய் மெல்லியது, முறுக்கினால் ஒடிந்துவிடும். எல்லாவற்றையும் விடுவித்த பிறகு போர்டு முழுதாக மடிக்கு வந்துவிடும். நான் பொறுமையாகத்தான் செய்தேன். பொறுமையில்லாதவன் என்று என்னை யாரும் சொன்னதில்லை.

வண்டி எவேலியோவுடையது. ஐம்பத்து மூன்றாம் வருடத்து டாட்ஜ், அவன் அப்பா விட்டுப்போனது. எவேலியோவை நண்பன் என்று மட்டும் சொன்னால் போதாது. அவன் மகள் யமில்காவுக்கு ஞானஸ்நானத்தின்போது கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன் நான். அவளுக்குப் பதினைந்து வயது நிறைகிற விழா வந்தது. வெள்ளை கவுன் போட்ட பெண்ணை பிராதோ வீதியில் சொந்த வண்டியில் வைத்து வலம் வர வேண்டும் என்பது அவன் ஆசை. மனைவி படகேறி நாட்டை விட்டே மயாமிக்குப் போன பிறகு தனக்கு மிஞ்சியது அந்த ஒரு ஆசைதான் என்று சியென்ஃபுவேகோஸ் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். எதையும் ஊருக்கே சொல்லியாக வேண்டும் அவனுக்கு.

வண்டியை என் வீட்டு முற்றத்தில் வைத்துத்தான் புதுப்பித்தோம்.

"ரிகோ, மீட்டர்ல விளக்கு எரியணும்டா. புள்ள அதத்தான் கேக்குறா."

"முதல்ல வண்டி ஓடுதான்னு பாரு. விளக்கு அப்புறம்."

"ஓடலைன்னா பின்னாலேருந்து நீ தள்ளு மச்சான். ஞானத்தகப்பன்னு வேற எதுக்கு வச்சிருக்கேன்?"

சமையலறை ஜன்னலில் நின்று நெரெய்டா சிரித்தாள். என் மனைவி என் பேச்சுக்கு அப்படிச் சிரித்து நெடுநாள் ஆகியிருந்தது. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகுதான் எடுத்துக்கொண்டேன்.

விளக்குக்காகத்தான் போர்டைக் கழற்றினேன். திருப்பிப் பார்த்தேன். முப்பது வருடத்து ஒயர்கள். உறை உதிர்ந்து செம்பு தெரிந்த இடங்களிலெல்லாம் எவேலியோ துணி சுற்றியிருந்தான். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. இன்சுலேஷன் டேப் இந்த ஊரில் எங்கே கிடைக்கிறது, நாங்கள் எல்லோரும் துணிதான் சுற்றுகிறோம். ஆனால் அந்தத் துணி மஞ்சள். மஞ்சளில் பழுப்புப் பூ. நெரெய்டாவின் கவுன்.

நீங்கள் சொல்ல வருவது தெரியும். அந்தக் கவுன் தைத்த வருடம் ரேஷன் கடையில் எங்கள் தெரு முழுமைக்கும் வந்தது அந்த ஒரே துணிதான். எல்லா வீட்டுக் கொடியிலும் மஞ்சளாகத் தொங்கியது. யார் கவுன் யாருடையது என்று கேலி பேசியிருக்கிறோம். எவேலியோவின் மனைவிக்கும் அதில் ஒன்று இருந்தது. படகேறியவர்கள் கட்டிய துணியோடுதான் போனார்கள், மற்றதெல்லாம் வீட்டிலேயே கிடந்தது. இவையெல்லாம் எனக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் ஒருவனுக்குத் தன் மனைவியின் உடையைத் தெரியாமல் போகுமா?

உள்ளே போய் அலமாரியைத் திறந்தேன். கவுன் இல்லை.

"அந்த மஞ்சள் கவுன் எங்க?"

"அன்னிக்கே சொன்னேனே. வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு ஊம் ஊம்னு தலைய ஆட்டினியே, மனுசா. எது உன் காதுல விழுந்துச்சு?"

நேரான பதில் சொல்ல முடியாதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். நான் மறுபடி கேட்கவில்லை. எனக்கு வலித்தது, லெஃப்டினன்ட். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அவள் செய்ததை விட அவன் செய்ததுதான் வலித்தது. என் முற்றத்தில் வண்டியை நிறுத்தி, என் வீட்டுக் கறுப்பு பீன்ஸைச் சாப்பிட்டு, என் மனைவியின் உடையைக் கிழித்து ஒயருக்குச் சுற்றி, அதை என் கையாலேயே அவிழ்க்கவும் வைத்தான்.

அதனால் அவிழ்த்தேன். ஒவ்வொரு துண்டாக, கிழியாமல். சோப்புப் போட்டு அலசி உலர்த்தி மடித்துவைத்தேன். வேறு எதையும் நான் அறுக்கவில்லை, ஒடிக்கவில்லை. என் வீட்டுப் பொருளை எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். பிறகு போர்டை அதன் இடத்தில் வைத்து முடுக்கினேன். பேட்டரியின் மின்சாரம் முழுவதும் போர்டிலுள்ள ஆம்பியர் மீட்டர் வழியாகத்தான் போகிறது. செம்பு வெறுமனே நின்றால், ஒரு நல்ல குலுக்கலில் இரும்பு விளிம்பைத் தொட்டுப் பொறி பறக்கும். பெட்ரோல் டேங்க் துருப்பிடித்திருந்ததால் ஓட்டுபவர் காலடியில் ஒரு தகர டின்னில் பெட்ரோல் வைத்து, அதிலிருந்து எஞ்சினுக்குக் குழாய் விட்டிருந்தோம். புது டேங்க் விழாவுக்குப் பிறகு என்பது இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு.

எவேலியோ வந்து சாவியைத் திருப்பினான். முட்களுக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. குழந்தை மாதிரி கைதட்டினான்.

"கல்யாணப் பொண்ணாட்டம் இருக்குடா. ஆமா, உள்ள ஒயரெல்லாம் சுத்திட்டியா?"

"சுத்திட்டேன்."

நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

யமில்காவைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் பின்சீட்டில் இருப்பாள் என்று தெரியும். பின்சீட்டிலிருந்து இறங்க நேரம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். கதவின் உட்கைப்பிடியை இன்னும் பொருத்தவில்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் நினைவுக்கு வந்தது. அதற்குள் அவர்கள் ரயில் தண்டவாளத்தைத் தாண்டியிருந்தார்கள்.

எவேலியோ முன்பக்கம் இறங்கித் தப்பித்திருக்கலாம் என்கிறார்கள். எரிகிற சீட்டின் மேல் ஏறிப் பின்னால் போய், பெண்ணை ஜன்னல் வழியாகத் தள்ளிவிட்டானாம். அவன் வெளியே வரவில்லை. இருக்கலாம். நாலு பேர் பார்க்கும்படி நல்லது செய்வதில் அவன் எப்போதும் கெட்டிக்காரன்.

இப்போது நீங்கள் மேசையில் விரித்து வைத்திருக்கும் மஞ்சள் கவுனை நானும் பார்க்கிறேன். பால்மிராவிலிருந்து நெரெய்டாவின் தங்கை மாகாலி திருப்பி அனுப்பியது, ஒரு கல்யாணத்துக்கு இரவல் கொடுத்தது, நெரெய்டாவே கொண்டுவந்து கொடுத்தது என்கிறீர்கள். நல்லது. பொத்தான்கள் எல்லாம் இருக்கின்றன. ஓரிடத்திலும் கிழிசல் இல்லை. நெரெய்டா எப்போதும் கைசுத்தமாகத் தைப்பாள்.

மடித்துவைத்த துண்டுகள் என் கருவிப் பெட்டியின் அடித்தட்டில் இருக்கின்றன. அவற்றையும் அவளிடம் கொடுத்துவிடுங்கள், லெஃப்டினன்ட். அவளுடையதை அவளிடம் சேர்க்கத்தானே இவ்வளவும் செய்தேன்.