நாற்பதும் தப்பு

— கதவு கிடக்கட்டும் டெஸ்ஸா, உக்காரு. யாரை எந்த கெமிஸ்ட்ரி வகுப்புல போடறதுன்னு பாக்க வெச்ச டெஸ்ட்ல நாப்பது கேள்வி. நாப்பதும் தப்பு. எப்படி?

— எனக்கு கெமிஸ்ட்ரி வராது, ப்ரூயிட் சார்.

— வராதவங்களை இந்தக் காலேஜ்ல இருபது வருஷமா பாக்குறேன். கண்ணை மூடிக்கிட்டு குத்தினாலே ஏழெட்டு சரியா விழும். ஒண்ணுகூட விழலேன்னா, சரியான விடை எல்லாம் தெரிஞ்சு ஒதுக்கியிருக்கணும்.

— என் நேரம் சார்.

— தண்ணியோட ஃபார்முலா எதுன்னு கேட்டா உப்போட ஃபார்முலாவுக்கு டிக் போட்டிருக்க. அதுவும் நேரமா?

— பதட்டத்துல தெரியல.

— உங்க ஹைஸ்கூல் டீச்சர் எனக்குத் தெரிஞ்சவர். நேத்து ஃபோன் பண்ணேன். ‘டெஸ்ஸாவா, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சமன்பாடு போடுவாளே’ங்கிறார்.

— அவர் எல்லாரையும் அப்படித்தான் புகழுவார்.

— சரி, நானே சொல்றேன். அடிப்படை வகுப்புல போய் உக்காந்தா நோகாம ஏ கிரேடு வாங்கிடலாம். வருஷா வருஷம் ஒருத்தராவது இந்த வேலை பண்றாங்க.

— கிரேடுக்காக இல்ல சார்.

— அப்ப வேற எதுக்கோ. அந்த வகுப்புல யாருக்காவது எழுதிக் குடுக்கப் போறியா? பாய்ஃபிரெண்டா?

— ஐயோ, அதெல்லாம் இல்ல.

— இல்லேங்கிறப்ப வாசலைப் பாக்குற. வெளிய யாரு?

— கதவைச் சாத்திட்டு வரட்டுமா?

— சாத்து. இப்பச் சொல்லு.

— எங்கம்மா சார். லொரெட்டா கோவாச். அவங்களும் இந்த வருஷம் சேர்றாங்க. நர்ஸ் ஆகணும்னு ரொம்ப நாள் ஆசை. இங்கயே ரெண்டு தடவை சேர்ந்து, ரெண்டு தடவையும் கெமிஸ்ட்ரி வராம பாதியில விட்டுட்டாங்க.

— அதுக்கு நீ ஏன் தோக்கணும்?

— சின்னப் பசங்களுக்கு நடுவுல தனியா உக்காந்து, புரியலேன்னு கேக்கக்கூட கூச்சப்பட்டிருக்காங்க. போன தடவை விட்டப்போ பார்க்கிங்ல ஸ்டியரிங்கைப் பிடிச்சிக்கிட்டு அழுதாங்க. நான் பின்சீட்டுல இருந்தேன். பக்கத்துல நான் இருந்தா இந்தத் தடவை விட்டுட மாட்டாங்க.

— அவங்களுக்குத் தெரியுமா?

— தெரிஞ்சா வீட்டுக்குள்ள சேக்க மாட்டாங்க. நானும் மக்குன்னு நெனச்சிக்கட்டும்.

— அவங்க அடிப்படை வகுப்புன்னு உனக்கு யார் சொன்னா?

— யார் சொல்லணும்? போன ரெண்டு தடவையும் அங்கதானே. டெஸ்ட் எழுதிட்டு வந்ததுலேருந்து எங்கிட்ட சரியாப் பேசுறதே இல்ல. எவ்வளவு வந்துச்சுன்னு கேட்டா, எழுந்து போய் பாத்திரம் தேய்க்கிறாங்க. அதுக்கு மேல என்ன கேக்குறது?

— ம்.

— ஏன் சார் சிரிக்கிறீங்க?

— காலையில இதே நாற்காலியில உக்காந்திருந்தாங்க. அவங்க மேலயும் எனக்கு சந்தேகம்தான். ரெண்டு தடவை விட்டவங்களுக்கு முப்பத்தாறு எப்படி வரும்னு, என் கண்ணு முன்னாடியே வேற தாள் குடுத்து எழுத வெச்சேன். முப்பத்தேழு.

— எங்கம்மாவா?

— ‘என் பொண்ணு மேல் வகுப்புக்குத்தான் போவா, அவ பக்கத்துல உக்காரணும்னுதான் சம்மர் முழுக்கப் படிச்சேன், அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க’ன்னாங்க.